உப்பேரி ஓரம் இரண்டு தட்டு

"நிஜமான ஆளு எப்ப வருவாங்க?"

ஆட்டு மயிர் கத்தரிக்கும் கொட்டகையின் வாசலில் நின்று ஜோசி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஒரு காலில் மட்டும் ரப்பர் பூட்ஸ் இருந்தது. கையில் பாதி கடித்த ரொட்டி. உள்ளே, கம்பளிப் பொதிகளுக்கு நடுவே, அவளுடைய அப்பா ஐவன் பிராசர் மரத்தரையில் மல்லாந்து கிடந்தார். முகம் சாம்பல் நிறமாகி வியர்த்திருந்தது.

அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டிக்கொண்டிருந்த கிளெனிஸ் ஹாட்ரில் தலையைத் தூக்கினாள்.

"நாங்கதான் கண்ணு ஆம்புலன்ஸ்காரங்க."

"இல்ல. நீங்க பஸ் ஓட்டுறவங்க. நான் நிஜமான ஆளைக் கேட்டேன்."

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்த ட்ரெவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தான். "ஏன், எங்களப் பாத்தா நிஜமாத் தெரியலயா? சட்டையில எழுதியிருக்கு பாரு, எவ்வளவு பெருசா."

சிறுமி சட்டையைப் பார்த்தாள். பிறகு அவன் நகக்கண்ணில் இருந்த கிரீஸைப் பார்த்தாள். முந்தின நாள் அவர்கள் வீட்டு டிராக்டரைப் பழுது பார்த்தவன் அவன். அவளைத் தினமும் பள்ளிப் பஸ்ஸில் அழைத்துப் போகிறவள் கிளெனிஸ். குழந்தை கேட்டதில் ஒரு பிழையும் இல்லை.

குனாரின் என்பது கோதுமை விளையும் ஊர். ஒரு மதுக்கடை, ஒரு தேவாலயம், தண்டவாளத்தை ஒட்டித் தானியக் குதிர்கள். ஊருக்கு ஆம்புலன்ஸ் உண்டு. அதில் சம்பளம் வாங்கும் ஆள் கிடையாது. ஊர்க்காரர்களே முறை வைத்து ஓட்டினார்கள். ஊர் மன்றத்தில் சில வார இறுதிகளில் வகுப்பு நடக்கும். ரப்பர் பொம்மையின் நெஞ்சை அமுக்கிக் காட்ட வேண்டும். பாம்புக் கடிக்குத் துணி சுற்றவும், ஆக்சிஜனைத் திறக்கவும் சொல்லித் தருவார்கள். கேக்கும் தேநீரும் உண்டு. அதன் பிறகு பச்சைச் சட்டை வந்துவிடும். சட்டை வந்த மறுநாளே ஒரு மனிதனின் உயிரோடு மூடிய பெட்டிக்குள் தனியாக உட்கார வேண்டியிருக்கலாம். பெரிய மருத்துவமனைக்குப் போகும் நேரத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முழுவதும் முடிந்து, எல்லோரும் வெளியே நின்று தேநீர் குடித்துக் கதை பேசிக் கலைந்தும் போய்விடலாம்.

கிளெனிஸ் ஜெபம் செய்கிறவள். வண்டியில் ஏறும்போதெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டுவாள். 'ஆண்டவரே, எனக்குத் தெரியாததை இன்று என்னிடம் கேட்காதேயும்.'

அன்று ஐவனை ஏற்றிக்கொண்டு கிளம்பியபோதும் அதையே வேண்டினாள்.

ஓட்டுநர் இருக்கைக்கும் பின்பகுதிக்கும் நடுவில் தகரச் சுவர் இருந்தது. இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும் கருவி எப்போதோ செத்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் ஆடு ஏற்றும் லாரிகளில் அந்த வட்டாரம் முழுக்க எல்லோரும் செய்வதையே இவர்களும் செய்தார்கள். சுவரில் ஒரு தட்டு தட்டினால், போகலாம். இரண்டு தட்டினால், நிறுத்து.

சாலை உப்பேரியைத் தொட்டதும் ரேடியோ கரகரத்து ஓய்ந்தது. கைபேசியிலும் சிக்னல் இல்லை. அங்கே எப்போதும் அப்படித்தான். எலும்பு வெள்ளையாகக் காய்ந்த உப்பு ஏரி. அதன் நடுவே கறுத்துச் செத்த மரங்கள். ஜன்னலை மூடியிருந்தாலும் அழுகிய முட்டை நாற்றம் உள்ளே வந்துவிடும்.

"கிளென்..." என்றார் ஐவன். "ஒரு வாய் தண்ணி குடு."

"குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க ஐவன். ஆஸ்பத்திரி போனதும் நானே கேட்டு வாங்கித் தரேன்."

"ஒரே ஒரு வாய்."

அவள் காலடியில் அவளுடைய குடுவை இருந்தது. அதில் வீட்டுத் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர். அவள் அதை இருக்கைக்கு அடியில் தள்ளி மறைத்தாள். அவர் அதைப் பார்த்துவிட்டார். வறண்ட தொண்டையில் இல்லாத எச்சிலை விழுங்கினார். அந்த ஒலி அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

நெஞ்சு வயர்கள் இணைந்த கருவியின் தாளில் அவருடைய இதயம் மேடும் பள்ளமுமாகக் கோடு வரைந்துகொண்டிருந்தது. சிக்னல் இருந்தால் அது டாக்டருக்குப் போகும், டாக்டர் படிப்பார். கிளெனிஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. அது அவள் நிலைக்கு உரிய பாடம் இல்லை.

உப்பேரியின் மேட்டில் வண்டி ஏறும்போது ஐவன் திடீரென்று கையைத் தலைக்குப் பின்னால் தூக்கினார். விரல் முட்டியால் தகரச் சுவரைத் தட்டினார்.

டக். டக்.

வண்டியின் வேகம் குறைந்தது.

"நிக்காத ட்ரெவ்! ஓட்டு!" என்று கிளெனிஸ் கத்தினாள். வழியில் நிற்காதே, சந்தேகம் வந்தால் ஓட்டு. வகுப்பில் அதை எல்லோரையும் சேர்ந்து சொல்ல வைத்திருந்தார்கள். வண்டி மறுபடி வேகம் எடுத்தது.

ஐவன் தலையை ஆட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணை ஜன்னல் பக்கம், அங்கே அவருக்கு இருந்த நிலத்தின் வேலிப் பக்கம், திருப்பினார். மறுபடி கையைத் தூக்கினார்.

டக். டக்.

அதற்குப் பிறகு அந்தக் கை கீழே இறங்கியது. ரப்பர் பொம்மைக்குச் செய்ததையெல்லாம் கிளெனிஸ் அவருக்கும் செய்தாள். மருத்துவமனை வரை நிறுத்தாமல் செய்தாள்.

அங்கிருந்த டாக்டர் கோபக்காரர் இல்லை. களைத்திருந்தார். "வழியிலேருந்து ஒரு போன் வந்திருந்தா, ஆம்புலன்ஸ் விமானத்தை உங்க ஊர் ஓடுதளத்துக்கே அனுப்பியிருப்பேனே," என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது உள்ளே போய்த் தைத்தது.

அடுத்த வாரம் நகரத்திலிருந்து பயிற்சி அதிகாரி லாக்லன் வந்தான். மகன் வயதுப் பையன். ஒரு தட்டு நிறைய சாண்ட்விச் கொண்டுவந்திருந்தான்.

"நீங்க விதிப்படிதான் செஞ்சிருக்கீங்க. எந்தத் தப்பும் இல்ல," என்றான்.

"விதி இருந்துச்சு தம்பி," என்றாள் கிளெனிஸ். "விஷயந்தான் தெரியல. அந்தக் கோட்டைப் படிக்கச் சொல்லிக் குடுங்க. இல்லன்னா எங்க இருந்து வேணும்னாலும் டாக்டரக் கூப்பிடுற மாதிரி ஒரு போன் குடுங்க. ரெண்டுல ஒண்ணு."

"அது அடுத்த நிலை ஆளுங்களுக்கு உள்ளது. உங்க ஊர்ல அழைப்பு ரொம்பக் குறைவு."

"அழைப்பு குறைவு. ரோடு நீளம். அத எந்தக் கணக்குல சேப்பீங்க?" என்றான் ட்ரெவர். "சைரன் வெச்ச டாக்ஸிதான் நாங்கன்னா, சட்டையில அப்படியே எழுதிக் குடுத்துடுங்க. செத்துப் போறவனாச்சும் ஏமாறாம சாவான்."

லாக்லன் தலையைக் குனிந்துகொண்டான். சாண்ட்விச்சை யாரும் தொடவில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத பகுதி ஒன்று உண்டு. ஐவனின் உடலை மருத்துவமனையில் விட்டுவிட்டுத் திரும்பிய அன்று மாலையே அது தொடங்கிவிட்டது.

வெயில் இன்னும் இறங்கவில்லை. பின்பகுதியைக் கழுவித் துடைத்திருந்தார்கள். கிளெனிஸ் முன்னால் ட்ரெவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் யாரும் இல்லை. உப்பேரி வெள்ளையாகக் கண்ணைக் கூச வைத்தது. வண்டி மேட்டில் ஏறியது.

டக். டக்.

இருவரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்ட்ரெச்சர் கொக்கி லூஸு," என்றான் ட்ரெவர்.

"ஆமா," என்றாள் கிளெனிஸ்.

அன்றே அவன் கொக்கியை முறுக்கினான். பிறகு தகரச் சுவரின் திருகுகளை மாற்றினான். பிறகு அந்தச் சுவருக்கு ரப்பர் அட்டை பொருத்தினான். அந்த வட்டாரத்தில் அவனை விட நல்ல மெக்கானிக் இல்லை. காலி வண்டி உப்பேரி மேட்டைத் தாண்டும்போதெல்லாம் தட்டுச் சத்தம் வந்தது. எப்போதும் இரண்டு. எப்போதும் அதே வேலியோரம்.

நோயாளியோ உறவினரோ இருக்கும்போது வராது. காலியாக இருந்தால் மட்டும் வரும். சில நாள் தட்டுவதற்கு முன் ஈரக் கம்பளியின் வாடை முன்பக்கம் வரை எழும். வண்டிக்குள் கம்பளி ஏது?

"ஒரு தடவ நிறுத்திப் பாத்தா என்ன ட்ரெவ்?" என்று கிளெனிஸ் ஒருநாள் கேட்டாள்.

"நீ நிறுத்து. நான் எறங்கி ஊருக்கு நடந்தே போயிடுறேன்."

"ஏதோ சொல்ல வராரோ என்னமோ."

"சொல்லட்டும். பாதிரியார்கிட்ட சொல்லட்டும். நான் மெக்கானிக்கு."

அந்த இடத்தில் அவன் கால் தானாகவே அழுத்தும். வண்டி பாயும்.

பழைய வண்டி ஓய்ந்தது. நகரத்தில் ஓடி முடித்த வேறொரு வண்டியை அனுப்பினார்கள். வெள்ளைச் சுவர், புது ஸ்ட்ரெச்சர், மருந்தகத்து மணம். ட்ரெவர் அதன் முகப்பைத் தடவிக் கொடுத்து, "இது சுத்தமான பொண்ணு, நம்ம பழைய கதை எதுவும் இதுக்குத் தெரியாது," என்றான். முதல் பயணம் முடிந்து திரும்பும்போது உப்பேரி மேட்டில் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

டக். டக்.

இந்த முறை தட்டுக்குப் பின்னால் இன்னொன்றும் கேட்டது. வறண்ட தொண்டை எச்சில் விழுங்கும் ஒலி. கிளெனிஸின் காதுக்கு மிக அருகில்.

வருடங்கள் போயின. ஐவனின் மனைவி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு கடலோர ஊருக்குப் போய்விட்டாள். குனாரினில் பச்சைச் சட்டைக்காரர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிலருக்கு முதுகு போயிற்று, சிலர் ஊரை விட்டே போனார்கள். சிலர், "தெரியாத வேலைக்குப் பொறுப்பு ஏத்துக்க இனி என்னால முடியாது," என்று சட்டையை மடித்துக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் கிளெனிஸ் குறை சொன்னதில்லை. அவளும் ட்ரெவரும் நின்றுவிட்டால் தொலைபேசி மணி ஊர் முழுக்க அடித்து ஓயும். அதை நினைத்துத்தான் அவர்கள் இருந்தார்கள். மேல்நிலைப் பயிற்சி கேட்டு ஆண்டுதோறும் எழுதினாள். வகுப்பு அறிவிப்பார்கள். ஆள் போதவில்லை என்று ரத்து செய்வார்கள். ஆள் போதாததால்தானே பயிற்சி கேட்கிறோம் என்று அவள் திருப்பிக் கேட்டால், பணிவான பதில் வரும்.

ஜோசி திரும்பி வந்தாள். இப்போது அவள் வளர்ந்த பெண். கணவனோடு அப்பாவின் பழைய வீட்டுக்கே குடிவந்தாள். அவன் வடக்கே சுரங்கத்தில் வேலை பார்த்தான். சில வாரம் அங்கே, சில நாள் இங்கே. ஜோசிக்குக் குழந்தை பிறக்க இன்னும் சில வாரம் இருந்தது.

அது அறுவடைக் காலம். அன்று மதியம் வெப்பக் காற்று உச்சத்துக்கு ஏறியது. வயலில் எந்த இயந்திரமும் ஓடக் கூடாது என்று நகராட்சி தடை போட்டது. ஒரு தீப்பொறி போதும், ஊரே எரிந்துவிடும். அறுவடைக்காரர்கள் எல்லோரும் மதுக்கடையில் கூடியிருந்தார்கள். கிழக்கே செம்மண் தூசி ஒரு சுவர் போல எழுந்து வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அழைப்பு வந்தது.

"பிராசர் வீடு," என்றாள் கிளெனிஸ்.

ட்ரெவர் சாவியை எடுத்தான்.

அவர்கள் போவதற்குள் குழந்தை பிறந்திருந்தது. சமையலறைத் தரையில் துண்டுகளுக்கு நடுவே ஜோசி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சின் மேல் சிவந்த சிறு குழந்தை வீறிட்டு அழுதது.

"லேட்டு," என்றாள் ஜோசி, பல்லைக் கடித்துச் சிரித்தபடி. "பஸ்ஸு எப்பவும் லேட்டு."

"நீதான் சீக்கிரம். ஸ்கூல் நாள்ல ஒருநாளாவது இப்படி ரெடியா நின்னிருக்கியா?"

குழந்தையைத் துடைத்து, தேவாலயப் பெண்கள் பின்னிக் கொடுத்த மஞ்சள் போர்வையில் சுற்றி, கிளெனிஸ் அதன் நெற்றியில் முத்தமிட்டாள். நஞ்சுக்கொடியும் ஒழுங்காக வந்துவிட்டது. எல்லாம் பாடத்தில் இருந்தபடியே நடந்தது. அவள் மனதுக்குள் நன்றி சொன்னாள்.

பாடம் அந்த இடத்தோடு முடிந்திருந்தது.

ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஜோசி, "என்னமோ சூடா போகுது கிளென்," என்றாள். கிளெனிஸ் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். வைத்திருந்த பஞ்சுத் திண்டு முழுக்க நனைந்திருந்தது. இன்னொன்று வைத்தாள். அதுவும் நனைந்தது. கால்களை உயர்த்தினாள். ஆக்சிஜன் கொடுத்தாள். இரத்தம் நிற்கவில்லை. ஜோசியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. ரேடியோவை எடுத்தாள். அது கரகரத்தது.

உப்பேரி.

தூசிச் சுவர் அவர்களைப் பிடித்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பட்டப்பகல் சிவந்து, பழுத்து, இருண்டது. காற்று வண்டியை ஆட்டியது. மணல் தகரத்தில் கசகசவென்று உரசியது. உள்விளக்கு மங்கியது.

"கிளென், தூக்கம் வருது."

"தூங்காத. பாப்பாவப் பிடிச்சுக்கோ. ரெண்டு கையாலயும் பிடி."

தனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று கிளெனிஸுக்குத் தெரிந்தது. இதற்கு ஏதாவது செய்ய முடியும் என்பதும் தெரிந்தது. உலகத்தில் எங்கோ ஒருவருக்கு அது தெரியும். அவளுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். அவளுக்குப் பயத்தை விட ஆத்திரம்தான் வந்தது.

அப்போது ஈரக் கம்பளியின் வாடை வந்தது.

இரத்த வாடையையும் தூசி வாடையையும் மீறி வந்தது.

ஆள் ஏறியிருக்கும்போது அது ஒருநாளும் வந்ததில்லை.

அவள் கழுத்துக்குப் பின்னால் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

அவள் திரும்பவில்லை. அவளுடைய இரண்டு கைகளும் திண்டின் மேல் இருந்தன. ஜோசியின் இரண்டு கைகளும் குழந்தையின் மேல் இருந்தன.

டக். டக்.

வண்டி குலுங்கி நின்றது. ட்ரெவர் ஓடிவந்து பின்கதவைத் திறந்தான். தூசி உள்ளே கொட்டியது.

"என்ன கிளென்? எதுக்குத் தட்டுன?"

"நான் தட்டல."

அவன் அவள் கைகளைப் பார்த்தான். ஜோசியின் கைகளைப் பார்த்தான்.

"அப்ப போயிரலாம்," என்று கிசுகிசுத்தான். "கிளென், நிக்கக் கூடாது. போயிரலாம்."

அவன் கதவைச் சாத்தக் கை வைத்தான்.

டக். டக்.

அவன் உள்ளங்கைக்குக் கீழே, அந்தக் கதவிலேயே. அவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கினான்.

நிற்கும் ஒவ்வொரு கணமும் ஜோசியின் இரத்தம். ஓட்டு என்றுதான் படித்திருந்தாள். சென்ற முறை படித்தபடியேதான் செய்தாள்.

"எஞ்சினை நிறுத்து ட்ரெவ்," என்றாள் கிளெனிஸ். "இந்தத் தடவ அவரு சொல்றபடி கேப்போம்."

எஞ்சின் அடங்கியது. காற்று மட்டும் இருந்தது.

ஜோசி கண்ணைத் திறக்காமலே முனகினாள். "வெள்ளை டயர்கிட்டயா நிக்கிறோம்?"

"என்ன டயரு கண்ணு?"

"வேலி ஓரத்துல... அப்பா டிராக்டர் டயருக்கு வெள்ளை அடிச்சுப் போட்டாரு. அவரு செத்த வருஷந்தான் அந்த எடத்தக் கண்டுபிடிச்சாரு. அது மேல ஏறி நின்னுதான் போன் பேசுவாரு. வேற எங்கயும் எடுக்காது. நான் அவரு வானத்தோட பேசுறாருன்னு நெனச்சேன்."

"நீ ஏன் யாருக்கும் சொல்லல?"

"யாரும் கேக்கல."

ட்ரெவர் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு தூசிக்குள் ஓடினான். அவன் தடுமாறி விழும் சத்தம் கேட்டது. வசவு கேட்டது. பிறகு ஒரு கூச்சல்.

"இருக்கு! கிளென், சிக்னல் இருக்கு! ஒரே ஒரு கோடு!"

வண்டியைப் பின்னால் எடுத்து வேலியோரம் நிறுத்தினான். பிறகு, பாதி புதைந்து வெளுத்துப் போன அந்த டயரின் மேல் ஏறி, கையை உயர்த்தி, கைபேசியை ஸ்பீக்கரில் போட்டு வானத்துக்குக் காட்டியபடி நின்றான். டாக்டரின் குரல் அவனுக்கு மட்டும் கேட்டது. அவன் கத்தியது கிளெனிஸுக்குக் கேட்டது.

"நஞ்சுக்கொடி வந்துடுச்சான்னு கேக்குறாங்க!"

"வந்துடுச்சு!"

"தொப்புளுக்குக் கீழ கைய வெக்கணுமாம்! மெத்துன்னு இருக்கான்னு பாரு!"

"இருக்கு! மாவு மாதிரி இருக்கு!"

"அதுதானாம்! தேய்க்கணுமாம்! கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாகுற வரைக்கும் விடக் கூடாதாம்!"

"எவ்வளவு அழுத்தி?"

"நீ நெனைக்கிறத விட அழுத்தியாம்! அவ உன்னத் திட்டணுமாம்!"

கிளெனிஸ் அழுத்தினாள். ஜோசி அலறினாள். அவள் அப்பா ஆடு ஏற்றும்போது சொல்லும் வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள்.

"திட்டிட்டா!" என்று கத்தினாள் கிளெனிஸ், அழுதுகொண்டே.

"கேட்டுச்சு! டாக்டருக்கும் கேட்டுச்சு! பாப்பாவ மார்ல போடணுமாம், அதுவும் உதவுமாம்!"

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ மெல்ல இறுகியது. உருண்டது. கெட்டியானது. திண்டில் சிவப்பு பரவுவது குறைந்தது. பிறகு நின்றது.

இவ்வளவுதான். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் நேரத்துக்குள் சொல்லிக் கொடுத்துவிடக் கூடிய விஷயம். இத்தனை வருடங்களில் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

தூசி கடந்து போனது. பாதி வழியில் நகர ஆம்புலன்ஸ் எதிர்கொண்டு வந்து நின்றது. இளம்பெண் ஒருத்தி ஏறினாள். இரத்த அழுத்தம் பார்த்தாள், ஊசி போட்டாள். "எல்லாம் சரியா செஞ்சிருக்கீங்க," என்றாள்.

ஜோசி கண்ணைப் பாதி திறந்தாள். "இவங்கதான் நிஜமான ஆளா?"

"ஆமாம்மா. சம்பளம் வாங்குறவங்க," என்றான் ட்ரெவர்.

ஜோசி கிளெனிஸின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனை வரை விடவில்லை.

அடுத்த வாரம் லாக்லன் வந்தான். இப்போது அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. சாண்ட்விச் கொண்டுவரவில்லை.

"வழியில வண்டிய நிறுத்தியிருக்கீங்க. எதுக்குன்னு நான் கேக்கணும்."

"தட்டுச் சத்தம் கேட்டுச்சு. நிறுத்தினோம்," என்றாள் கிளெனிஸ்.

"யாரு தட்டினது?"

"அத விடு தம்பி. வயித்தத் தேய்க்கிறத ஏன் சொல்லிக் குடுக்கல? அதச் சொல்லு."

"அது மேல்நிலைப் பாடம்."

"அந்தப் பொண்ணு மேல்நிலை ஆளு வர வரைக்கும் காத்துக்கிட்டா இருக்கும்? தனியா உக்கார வெக்கிறப்ப எங்க நிலை என்னன்னு யாரும் கேக்கல. சொல்லிக் குடுக்கிறப்ப மட்டும் கேக்குறீங்க."

லாக்லன், "நான் எழுதிப் பாக்குறேன்," என்றான். இத்தனை வருடங்களில் கேட்டபோதெல்லாம் அவன் இதையே சொல்லியிருந்தான். ஆனால் கிளம்பும் முன் மேலங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, மேல்நிலைக்கு மட்டும் உரியதென்று பூட்டி வைத்த பாடங்களில் ஒன்றை, அந்த மாலை முழுக்க இருவருக்கும் சொல்லிக் கொடுத்தான். யாரும் அவனை அனுமதிக்கவில்லை. இதயத்தின் கோட்டைப் படிப்பது எப்படி என்ற பாடம் அது. கிளெனிஸ் கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் வண்டியைச் சர்வீஸுக்கு விட வேண்டியிருந்தது. "நான் ஓட்டுறேன்," என்றான் ட்ரெவர். வேண்டாம் என்று கிளெனிஸ் தனியாகவே கிளம்பினாள்.

காலை வெயில் சுத்தமாக இருந்தது. மின்கம்பியில் இளஞ்சிவப்புக் கிளிகள் கூச்சலிட்டன. உப்பேரி மேட்டில் அவள் தட்டுக்காகக் காத்திருக்கவில்லை. தானே வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினாள். கிளிகளின் சத்தமும் நின்றது.

அவளிடம் அந்தப் பழைய குடுவை இருந்தது. அதில் தொட்டியில் பிடித்த மழைத் தண்ணீர். தேவாலயச் சமையலறையிலிருந்து ஒரு எனாமல் குவளையும் கொண்டுவந்திருந்தாள். வெள்ளை டயர் வரை நடந்து போய், குவளை நிறைய ஊற்றி, அதன் மேல் வைத்தாள்.

"அன்னைக்குக் குடுத்திருக்கலாம் ஐவன்," என்றாள். "ஒரு வாய்தானே."

தலையைக் குனிந்து சிறிது நேரம் ஜெபித்தாள். பிறகு திரும்பி வண்டியை நோக்கி நடந்தாள்.

பின்னால் எனாமல் டயரில் லேசாக உரசியது.

யாரோ குடிக்கும் ஒலி. நிதானமாக, தொண்டை நனைய நனைய.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியில் ஏறினாள். கதவைச் சாத்தினாள். சாவி இரண்டு முறை நழுவியது. பின்பகுதி காலி. பூட்டியிருந்தது. ஈரக் கம்பளியின் வாடை மெல்ல எழுந்தது.

எஞ்சின் உயிர் பெற்றது.

அவள் முதுகுக்குப் பின்னால், தகரச் சுவரில் விரல் முட்டி விழுந்தது.

ஒரே ஒரு தட்டு.